சர்ப்பகந்தா வேரும் ‘செரட்டோனின் குறைபாடு’ என்ற விளக்கமும்

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர், நேரம் வாய்த்தால், ஒரு விளக்கமும் சொல்வதுண்டு: மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் குறைந்துவிட்டது, இந்த மாத்திரை அதை ஈடுசெய்யும் என்பது அது. கேட்பவருக்கு அது பெரும் ஆறுதல். தன் நிலைக்குத் தன் சோம்பலோ குணக்கேடோ காரணம் இல்லை என்றும், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ தனக்கு இந்த மாத்திரை அப்படி என்றும் அவர் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் இந்த விளக்கம் எந்த மனச்சோர்வு நோயாளியின் மூளையையும் அளந்து பெறப்பட்டதன்று. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட ஓர் இந்தியச் செடியின் வேரும், அந்த வேரின் சாரம் கொடுக்கப்பட்டுச் சோர்ந்து படுத்த ஆய்வக முயல்களும்தான் அதன் மூலம். இந்தப் பழைய வரலாறு, இன்று ஒருவர் அம்மாத்திரையை எத்தனை நாள், எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் தீர்மானிக்கிறது.

அந்தச் செடி சர்ப்பகந்தா. பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ரவுவோல்ஃபின் பெயரால் அதன் பேரினம் ‘ரவுவோல்ஃபியா’ எனப்படுகிறது. பிகாரில் அதற்கு ‘பாகல் கா தவா’, அதாவது பித்தருக்கான மருந்து, என்றொரு நாட்டு வழக்குப் பெயர் உண்டு. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் பயன்படுவதைப் பற்றி ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம் புரவலர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவின் குழுவினரும் இவ்வேரை ஆராய்ந்தனர். உலகம் இவற்றைக் கவனிக்கவில்லை. பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் மேற்கின் கண்ணைத் திறந்தது. மூன்றாண்டுகளில், 1952-இல், சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரின் செயல்படு பொருளைப் பிரித்தெடுத்து ரிசர்பின் என்று பெயரிட்டது. நியூயார்க்கின் ராக்லண்ட் மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1957-இல் லாஸ்கர் விருது பெற்றவர்களின் பட்டியலில் வக்கீல், கிளைன் இருவரின் பெயரும் உண்டு. சென்னும் போஸும் பித்துக்கு என்று எழுதியது கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவிலிருந்து உறுதியாகி வந்தது. நம் அறிவியல் வரலாற்றில் இது புதிய நிகழ்வன்று.

அடுத்த கட்டம் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில், பெர்னார்ட் புரோடியின் ஆய்வகத்தில் நடந்தது. அங்கு அப்போது ஒரு புதிய கருவி வந்திருந்தது. ராபர்ட் போமன் வடிவமைத்த ஒளிர்வு அளவி, திசுக்களில் மிக நுண்ணிய அளவில் உள்ள இரசாயனங்களையும் அளக்கக்கூடியது. 1955-இல் ஆல்ஃபிரட் பிளெட்ஷர், பார்க்கோர்ஸ்ட் ஷோர், புரோடி மூவரும் ரிசர்பின் செரட்டோனினை அதன் சேமிப்பிடங்களிலிருந்து வெளியேற்றுகிறது என்று காட்டினர். மருந்து பெற்ற முயல்கள் அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. ஒரு மருந்து உள்ளே போகிறது, ஓர் இரசாயனம் குறைகிறது, விலங்கின் நடத்தை மாறுகிறது: மூளையின் இரசாயனத்தையும் நடத்தையையும் இவ்வளவு நேரடியாக இணைத்துக் காட்டிய சோதனை அதுவரை அரிது.

இதன் செயல்முறை இன்று தெளிவாகத் தெரியும். நரம்பணுவின் முனையில் சிறு பைகள் உள்ளன. செரட்டோனின், நோரட்ரினலின், டோபமின் ஆகியவை அவற்றில் அடைத்து வைக்கப்பட்டுத் தேவைப்படும்போது வெளியே விடப்படுகின்றன. ரிசர்பின் பைகளுக்குள் இவற்றை ஏற்றும் புரதத்தை முடக்குகிறது. பைக்கு வெளியே நிற்கும் இரசாயனத்தை மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. சேமிப்பு மெல்ல வற்றுகிறது.

ரிசர்பின் உண்ட இரத்த அழுத்த நோயாளிகளில் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதை 1954-இல் எட்வர்ட் ஃப்ரீஸ் எழுதியிருந்தார். இப்போது இரண்டும் இணைக்கப்பட்டன. ரிசர்பின் செரட்டோனினைக் குறைக்கிறது. ரிசர்பின் சோர்வைத் தருகிறது. ஆகவே சோர்வு என்பது செரட்டோனின் குறைவு. தருக்கம் படித்த மாணவர் எவரும் இந்த ‘ஆகவே’யில் நிற்பார். மருந்து ஒன்று உண்டாக்கிய நிலையும், இயல்பாக வரும் நோயும் ஒன்றுதான் என்பதற்கு இதில் சான்று எதுவும் இல்லை. மேலும், எதிர்ச்சான்று அன்றே இருந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், மைக்கேல் ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ரிசர்பினும் மறுசாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். ரிசர்பின் பெற்றவர்கள் தேறினர். அக்கட்டுரை வெளியானது 1955-இல், லான்செட் இதழில். மனநல மருத்துவத்தின் தொடக்ககாலக் குலுக்கல் ஆய்வுகளுள் ஒன்றாகிய அதைப் பல பாடநூல்கள் சொல்லாமல் கடந்தன; சோர்ந்த முயல் மட்டும் நிலைத்தது. ரிசர்பினையும் மனநிலையையும் பற்றிய ஆய்வுகளை அண்மையில் மறுபரிசீலனை செய்தவர்கள், ரிசர்பின் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்று ஒருமுகமாகச் சொல்லச் சான்று இல்லை என்றே கண்டனர்.

முயலின் கதைக்கும் ஒரு பின்குறிப்பு வேண்டும். புரோடியின் ஆய்வகத்தில் சில மாதங்கள் பயின்று சுவீடன் திரும்பிய ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் முயல்களுக்கு டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து நடந்தன. செரட்டோனினின் மூலப்பொருள் கொடுத்தபோது அவை எழவில்லை. பார்க்கின்சன் நோய்க்கான மருத்துவமும், கார்ல்சனின் 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசும் இந்தப் பாதையில் வந்தவை. செரட்டோனின் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட முயலே வேறொரு நோய்க்குச் சாட்சி சொன்னது.

மனச்சோர்வு மருந்துகளோ இந்தக் கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. காசநோய்க்காகத் தயாரிக்கப்பட்ட ஐப்ரோனியாசிட் 1952 வாக்கில் நியூயார்க்கின் சீவியூ மருத்துவமனையில் கொடுக்கப்பட்டபோது, படுக்கையில் கிடந்தவர்கள் உற்சாகம் கொண்டனர். 1957-இல் கிளைனின் குழு அதை மனச்சோர்வு மருந்தாக முன்வைத்தது. சுவிட்சர்லாந்தின் முன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் குன், கைகி நிறுவனம் அனுப்பிய இமிப்ரமினை முதலில் மனச்சிதைவு நோயாளிகளிடம் சோதித்து ஏமாந்தார். 1956-இல் சோர்வுற்றவர்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறுவதைக் கண்டார். செரட்டோனின் அளவு எதையும் அவர் அளக்கவில்லை. நோயாளிகளோடு பேசினார், முகத்தையும் உறக்கத்தையும் கவனித்தார். அதே மருத்துவமனையில் பல ஆண்டுகள் நோயாளிகளின் உரிய இசைவின்றியே சோதனைகள் நடந்தன என்று அண்மைய வரலாற்று ஆய்வு வெளிக்கொணர்ந்திருப்பதையும் சேர்த்தே இந்தக் கண்டுபிடிப்பை நினைக்க வேண்டும்.

கொள்கை மருந்துக்குப் பின்னால் வந்தது. ஐப்ரோனியாசிட் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுப்பது தெரிந்திருந்தது. வெளியே விடப்பட்ட நோரட்ரினலினை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும், இமிப்ரமின் அதைத் தடுப்பதையும் 1961-இல் ஜூலியஸ் ஆக்சல்ராடின் குழு காட்டியது. இரண்டு மருந்துகளும் வெவ்வேறு வழியில் மோனோஅமைன்களை மிகுவிக்கின்றன, ரிசர்பின் குறைக்கிறது. ஜோசப் ஷில்ட்கிராட் 1965-இல் நோரட்ரினலினை மையமாக வைத்து ஒரு கொள்கையை எழுதினார். 1967-இல் அலெக் காப்பன், 1969-இல் சோவியத் ஆய்வாளர்கள் லாப்பினும் ஆக்சன்க்ரூக்கும் செரட்டோனினை முன்னிறுத்தினர். இது மிகையான எளிமைப்படுத்தலாக இருக்கக்கூடும் என்று ஷில்ட்கிராட்டே தம் கட்டுரையில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை அடுத்தடுத்த மேற்கோள்களில் உதிர்ந்துபோனது.

கொள்கை சரியோ தவறோ, மருந்து தேடுவோருக்கு அது வழிகாட்டியது. கார்ல்சன் ஓர் ஒவ்வாமை மருந்தின் மூலக்கூற்றைத் திருத்தி, செரட்டோனின் மறுஉறிஞ்சலை மட்டும் தடுக்கும் சிமெலிடினை உருவாக்கினார். 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த அது, நரம்புகளைத் தாக்கும் குய்யான்-பாரே நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு 1983-இல் திரும்பப் பெறப்பட்டது. எலி லில்லி நிறுவனத்தின் பிரையன் மொல்லாய், ரே ஃபுல்லர், டேவிட் வாங் ஆகியோர் வேறொரு ஒவ்வாமை மருந்திலிருந்து தொடங்கி ஃப்ளுவாக்செட்டினை அடைந்தனர். முதல் கட்டுரை 1974-இல். அமெரிக்க அனுமதி 1987 டிசம்பரில். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை, தயாரிப்பு முறைக்கே தந்தது. ஆகவே இந்திய நிறுவனங்கள் தம் வழியில் ஃப்ளுவாக்செட்டினைத் தயாரித்து மலிவாக விற்க முடிந்தது. இந்த மாத்திரை இன்று சிற்றூர் மருந்துக்கடை வரை கிடைப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

மாத்திரை என்ன செய்கிறது? இரண்டு நரம்பணுக்களுக்கு இடையே மிக மெல்லிய இடைவெளி உண்டு. அங்கே விடப்படும் செரட்டோனினை, விட்ட நரம்பணுவே ஒரு கடத்திப் புரதத்தின் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் முதலியவை அந்தக் கடத்தியை அடைக்கின்றன. அவை செரட்டோனினைத் தருவதில்லை. இருப்பதை இடைவெளியில் சற்று நீண்ட நேரம் நிற்கச் செய்கின்றன. இந்த அடைப்பு முதல் மாத்திரையிலிருந்து சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. நோயாளி தேறுவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரமும், சிலருக்கு ஆறு வாரமும் ஆகிறது. குறைபாடு என்ற விளக்கம் தடுமாறும் இடம் இதுதான்: குறைந்தது நிரம்பினால் சில மணி நேரத்தில் ஏன் தேறவில்லை?

இதற்குப் பல விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. செரட்டோனின் மிகும்போது அதைச் சுரக்கும் நரம்பணுவின் உடலிலுள்ள ஏற்பிகள் ‘போதும்’ என்று சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன. அந்த ஏற்பிகள் உணர்வு மங்கி இடம்விடச் சில வாரங்கள் ஆகும் என்பது ஒன்று. நரம்பணுக்களின் இணைப்புகள் புதிதாக வளர வேண்டும் என்பது மற்றொன்று. மருந்தின் விளைவுக்கு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் புது நரம்பணுக்கள் பிறப்பது தேவை என்று 2003-இல் எலிகளிடம் காட்டப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் வேறு கோணத்தில் பார்த்தார். மருந்து தொடக்கத்திலேயே, பிறர் முகத்தில் கோபத்தையும் அச்சத்தையும் தேடிப் பிடிக்கும் சோர்ந்த மனத்தின் சாய்வை மாற்றுகிறது. அந்த மாற்றம் அன்றாட உறவுகளில் புழங்கி மனநிலையாக விளைவதற்குத்தான் நாளாகிறது என்பது அவர் கருத்து. இவற்றுள் எதுவும் இன்னும் முடிந்த முடிபாகவில்லை.

2022-இல் ஜோவன்னா மான்கிரீஃபும் உடனாய்வாளர்களும், மனச்சோர்வில் செரட்டோனின் குறைகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று தொகுத்துரைத்தபோது, மருந்தே பொய் என்று சமூக ஊடகங்கள் முழங்கின. அந்த ஆய்வு மருந்தின் பயனைச் சோதிக்கவில்லை. குன் கண்ட பயன் கொள்கைக்கு முந்தியது. கொள்கை விழுந்தால் அதுவும் விழ வேண்டும் என்பதில்லை. பயனைக் குலுக்கல் ஆய்வுகளில்தான் தேட வேண்டும். ஆந்திரியா சிப்ரியானி குழு 2018-இல் 522 ஆய்வுகளைத் தொகுத்தபோது, எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. ஆனால் சராசரி வேறுபாடு மிதமானது. இந்தியாவுக்கென்று ஒரு சான்றும் உண்டு. விக்ரம் படேலும் உடனாய்வாளர்களும் கோவாவின் பொது மருத்துவமனைகளில் 450 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளுவாக்செட்டின் பெற்றவர்கள் இரண்டாவது மாதத்தில் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தனர். பிந்தைய மாதங்களில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை.

பக்க விளைவுகளைப் புரிந்துகொள்ளவும் செரட்டோனினின் வரலாறே துணை. விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களில் இதைக் குடலில் கண்டு என்டரமின் என்றழைத்தார். 1948-இல் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் இரத்தச் சீரத்தில் கண்டு, சீரத்தில் இருந்து குழாயை இறுக்குவது என்ற பொருளில் செரட்டோனின் என்றனர். 1953-இல் பெட்டி ட்வாரோக்தான் மூளையிலும் அது இருப்பதைக் காட்டினார். உடலின் செரட்டோனினில் பெரும்பங்கு இன்றும் குடலில்தான். ஆகவே மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவது வியப்பில்லை. பெரும்பாலும் அவை தாமே அடங்கும். இரத்தத் தட்டணுக்களும் இதே கடத்தியால்தான் செரட்டோனினைச் சேமித்து, இரத்தம் உறையப் பயன்படுத்துகின்றன. அதை அடைக்கும் மாத்திரையோடு ஆஸ்பிரினோ மூட்டுவலிக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டுவலி மாத்திரையைச் சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கமுள்ள நாட்டில் முதியோரிடம் இதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வருவதுண்டு. அதை முதுமையின் மறதி என்று வீட்டார் கடந்துவிடுகின்றனர். பாலுணர்வுக் குறைவு பலருக்கு வருகிறது. மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை, மாத்திரை மட்டும் நின்றுபோகிறது.

குறைபாடு என்ற விளக்கம் இரண்டு தவறுகளுக்கு இடம் தருகிறது. முதல் வாரத்தில் நிரம்பவில்லையே என்று சிலர் நிறுத்துகின்றனர். அது குமட்டல் மட்டும் வந்து பயன் இன்னும் வராத வாரம். இரண்டு மாதத்தில் நிரம்பிவிட்டது என்று வேறு சிலர் நிறுத்துகின்றனர். தேறிய பின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நெறி. நோய் பலமுறை திரும்பியவர்களுக்கு இன்னும் நீளும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உறக்கமின்மை, தலைக்குள் மின்னதிர்வு போன்ற உணர்வு வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று இதைப் பிழையாகக் கொள்வோர் உண்டு. ஃப்ளுவாக்செட்டினும் அதன் சிதைபொருளும் உடலில் பல வாரம் தங்குவதால் இத்தொல்லை குறைவு. விரைவில் வெளியேறும் பராக்செட்டினில் கூடுதல். எதுவாயினும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே முறை.

முதல் வாரங்களில் வீட்டார் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. சிறார், வளரிளம் பருவத்தினரிடம் தற்கொலை எண்ணங்கள் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்து, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. இளையோருக்கு மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று. தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் அடிக்கடி பார்த்துப் பேச வேண்டும் என்பதே பொருள். முன்பு எப்போதாவது உறக்கமே தேவைப்படாத மிகையுற்சாக நாட்கள் இருந்தனவா என்று கேட்காமல் தொடங்குவதும் ஆபத்து; இருமுனை மனநோய் உள்ளவரை இம்மருந்து மட்டும் தனியே வெறிநிலைக்குத் தள்ளிவிடக்கூடும். செய்தித்தாள்கள் மனச்சோர்வையும் மனஅழுத்தத்தையும் ஒரே சொல்லாகப் புழங்குவதால், அலுவலகச் சுமையால் தவிப்பவரும் நோயுற்றவரும் ஒரே மாத்திரையைத் தேடும் நிலை வந்திருக்கிறது. மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையில் இவை இருந்தும், பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவோர் உண்டு. எஸ்சிட்டலோப்ராமோடு குளோனசிபாமைச் சேர்த்த ஒற்றை மாத்திரை இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது. அதில் நாள்பட எடுத்தால் பழக்க அடிமைத்தனம் தருவது குளோனசிபாம்; பழி விழுவதோ ‘மனநல மாத்திரை’ அனைத்தின் மீதும்.

எல்லாவற்றிலும் கடுமையானது, செரட்டோனினை மிகுவிக்கும் இரண்டு மருந்துகள் ஒருவர் உடலில் சந்திப்பது. வியர்வை, காய்ச்சல், நடுக்கம், தசைத் துடிப்பு, குழப்பம் என்று தொடங்கி உயிரையே பறிக்கலாம். 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற பதினெட்டு வயது மாணவியின் மரணத்தில், மோனோஅமைன் ஆக்சிடேஸைத் தடுக்கும் மருந்தோடு பெத்திடின் சேர்ந்ததே காரணம் எனப் பேசப்பட்டது. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது அவ்வழக்கின் தொடர்ச்சியாகத்தான். இந்த அபாயத்தால் அவ்வகை மருந்துக்கும் ஃப்ளுவாக்செட்டினுக்கும் இடையே இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது: அதை நிறுத்தி இதைத் தொடங்க இரண்டு வாரம், இதை நிறுத்தி அதைத் தொடங்க ஐந்து வாரம். வலிக்கான டிரமடாலும் இங்கே எச்சரிக்கைக்கு உரியது.

ஐப்ரோனியாசிட் கல்லீரலைத் தாக்கியதால் அமெரிக்கச் சந்தையிலிருந்து 1961-இல் விலக்கப்பட்டது. ஆனால் காசநோய்க்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸுக்குமான உறவு அத்துடன் தீரவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இன்று இந்தியாவில் கொடுக்கப்படும் லினசோலிட் அதே நொதியை ஓரளவு தடுக்கிறது. மாதக்கணக்கில் அம்மருந்தை உண்போரில் மனச்சோர்வு குறைவன்று. ஒரே நோயாளிக்குக் காசநோய்ப் பிரிவில் ஒரு சீட்டும் மனநலப் பிரிவில் வேறொரு சீட்டும் எழுதப்படும்போது, ஒன்றை எழுதுபவர் மற்றதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாக வேண்டும்.